மணி அடித்தால் எழுந்து போவது: தண்ணீர்பள்ளி சாந்திவனத்தில் சில நாட்கள்

சனிக்கிழமை, இரவு

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் கரூர் பஸ் ஏறி டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் என் பையையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "தண்ணீர்பள்ளியா? சாமியார் மடத்துக்குத்தானே? குளித்தலைக்கு முன்னாடியே இறங்கணும், நான் சொல்றேன்" என்றார். ஜீயபுரம், பெருகமணி, பெட்டவாய்த்தலை என்று காவிரியை ஒட்டியே ரோடு போகிறது, வலது பக்கம் உட்கார்ந்தால் வாழைக்கும் தென்னைக்கும் நடுவே விட்டுவிட்டு ஆறு தெரியும். நான் அந்தப் பக்கம் பிடித்து உட்கார்ந்தும் பாதி தூரம் ஆபீஸ் குரூப்பில் வந்த மெசேஜுக்குப் பதில் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

வந்த காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. செபம் செய்ய நேரமில்லை, அவ்வளவுதான். திண்டுக்கல்லில் எங்கள் அப்பாயி வீட்டில் ராத்திரி ஏழரைக்குக் குடும்ப செபம் என்றால் ஏழரைக்குத்தான், விருந்தாளி வந்திருந்தால் விருந்தாளியும் சேர்ந்து முழங்கால் போட வேண்டும். கோயில் மணி மூன்று வேளையும் அடிக்கும்போது அப்பாயி களத்தில் நின்றாலும் கையை உதறிவிட்டு, "ஆண்டவருடைய சம்மனசு மரியாயிக்கு" என்று பழைய பாடத்திலேயே மூவேளை செபத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. எனக்கு இப்போது இருப்பது மாசக் கடைசிக் கணக்கு, பத்தாவது படிக்கிற மகளின் டியூஷன், வீட்டுக்காரரின் ஷிப்ட், சென்னை டிராபிக். ராத்திரி படுக்கையில் செபமாலையைக் கையில் எடுத்தால் அதன் இரண்டாவது பத்துமணிக் கொத்து வரும் முன்னே தூங்கியிருப்பேன். தியானக் கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன், மைக்கில் அவ்வளவு சத்தமாகக் கடவுளைக் கூப்பிடும் இடத்தில் மனசு உருகத்தான் செய்கிறது, அழுகையும் வருகிறது, ஆனால் வீட்டுக்கு வந்த வாரமே பழைய கதை. எனக்கு உருக வேண்டாம். ஒரு ஒழுங்கு வேண்டும்.

அதற்குத்தான் சாந்திவனம். முறையான பெயர் சச்சிதானந்த ஆசிரமம். குளித்தலையில் பங்குச் சாமியாராக இருந்த ஜூல்ஸ் மொன்ஷானன் என்ற பிரெஞ்சுக் குருவும், பிரான்சிலிருந்து வந்த ஆன்றி லெ சோ என்ற பெனடிக்ட் சபைத் துறவியும் 1950-ல் இங்கே ஒரு தோப்பில் குடிசை போட்டு ஆரம்பித்தது. மொன்ஷானன் பரம அருபி ஆனந்தர் ஆனார், லெ சோ அபிஷிக்தானந்தர். காவி கட்டினார்கள், மரக்கறி மட்டும் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்துத் திருச்சிக் கத்தோலிக்கர்கள் இவர்களைப் பார்த்து என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குக் கேட்காமலே தெரியும், ஏனென்றால் என் அம்மா இன்று போனில் பேசினார்.

வந்த அரை மணியில் மாலைத் தியானத்துக்கான மணி, அப்புறம் ஏழு மணிக்குச் செபம். கோயில் வாசலில் கோபுரம், அதில் திரியேக தேவனை மூன்று முகத்தோடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே மண்டபம், அதற்கு அந்தப் பக்கம் இருட்டாகவே வைத்திருக்கும் மூலஸ்தானம், அங்கே நற்கருணை. நாற்காலி, பெஞ்சு கிடையாது, தரையில் சம்மணம்தான். காயத்ரி மந்திரம் சொல்லித் தொடங்கினார்கள், திருப்பாடல் வந்தது, பைபிள் வாசகம் வந்தது, நடுவே திருவாசகத்திலிருந்து ஒரு பகுதி. கடைசியில் கற்பூர ஆரத்தி. ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் ஒருவர் தட்டில் விபூதி கொண்டுவந்தார். எடுத்துப் பூசிக்கொண்டேன்.

அதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. "கோயில்ல உக்காந்துக்கிட்டு திருநீறு பூசுறாங்களா? அங்க எதுக்குடி போன?" என்றார். "விபூதிப் புதனுக்கு நாமளும்தானேம்மா பூசிக்கிறோம்" என்றேன். "அது சாமியார் பூசுறது" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு

காலை ஐந்து மணிக்கு மணி. ஐந்தரையிலிருந்து ஆறரை வரை தியானம், யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பாதிப் பேர் வட்டமான தியான மண்டபத்துக்குப் போனார்கள், நான் தோப்பைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போய் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தேன். நேற்று வரை நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, எதிர்க்கரை இருட்டில் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. முதலில் பிரசவத்துக்கு இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக, மகளின் பரீட்சைக்காக, அப்பாவின் முழங்காலுக்காக எல்லாம் வேண்டி முடித்தேன். ரொம்ப நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்து வாட்சைப் பார்த்தால் ஏழு நிமிஷம். மீதி ஐம்பத்துச் சொச்சம் நிமிஷத்தில் கொசு கடித்தது, கால் மரத்தது, ஒரு ஜிஎஸ்டி பில் எங்கே இடிக்கிறது என்று பளிச்சென்று புரிந்தது (உண்மையிலேயே அது சரியான விடை, திங்கட்கிழமை சொல்லி அனுப்ப வேண்டும்), மறுபடி கொசு. கடவுள் பக்கத்தில் வந்த மாதிரி எதுவும் இல்லை. விடிந்தது, அது மட்டும் நடந்தது.

திருப்பலிப் பூசை அழகாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, விழிப்பாயிருங்கள் என்ற வாசகம். தூங்கி வழியாமல் காலை ஐந்து மணிக்கு எழுந்த ஒரே காரணத்தால் அந்த வாசகத்தை இந்த வருஷம் கொஞ்சம் தைரியமாகக் கேட்க முடிந்தது. காணிக்கை நேரத்தில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் சுற்றி எட்டுப் பூ வைக்கிறார்கள், எட்டுத் திசைக்கு எட்டு. தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி, ஆரத்தி எடுத்து எல்லாம் நிதானமாகத்தான் நடக்கிறது. காலைச் செபத்தில் சந்தனம் கொடுக்கிறார்கள், மத்தியானம் குங்குமம், ராத்திரி விபூதி. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வாசனை, ஒரு நிறம். எதற்கு என்று யோசித்தபடி இருந்தேன், மத்தியானம் குங்குமம் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபோது புரிந்த மாதிரி இருந்தது: கை கழுவி முகம் கழுவும் வரை அந்த வேளையில் கோயிலுக்குப் போனது நெற்றியில் இருக்கிறது, மறக்க விடுவதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு இங்கேயே பல வருஷமாக இருக்கும் வயதான ஃபாதர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "எனக்குச் செபமே வரமாட்டேங்குது ஃபாதர்" என்றேன். சிரித்தார்.

"யாருக்கும்மா வருது? மணி வருது, நாங்க போறோம்."

"போய் உட்கார்ந்தா போதுமா?"

"போதாது. ஆனா போகாம இருந்தா அதுவும் இல்லையே."

அதற்கு மேல் அவர் எனக்குப் போதிக்கவில்லை, ஊர் எது, திண்டுக்கல்லில் எந்தப் பங்கு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பிடித்திருந்தது.

பிற்பகல் பீட் கிரிஃபித்ஸ் இருந்த குடிலைப் பார்த்தேன். 1906-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், பெனடிக்ட் சபைத் துறவி, 1955-ல் இந்தியா வந்து கேரளத்தில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, 1968-ல் இங்கே வந்தார். அதே வருஷம் அபிஷிக்தானந்தர் இமயமலைப் பக்கம் போய்விட்டார். கால் நூற்றாண்டு இங்கேயே இருந்து 1993 மே மாதம் இந்தக் குடிலிலேயே இறந்தார். உலகம் முழுக்கக் கடிதம் எழுதினார், பேசப் போனார், வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்துப் பேசினார், ஆனால் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி தியானத்தை மட்டும் விட்டதில்லை என்கிறார்கள். என்ன பெரிய தியான முறை வைத்திருந்தார் என்று பார்த்தால், ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும் என்ற ஒரே வரிதான், அதைத்தான் வாழ்நாளில் பெரும்பகுதி திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார். இவ்வளவு படித்தவர். எனக்கு இதைக் கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, ஏனென்றால் இதைச் செய்ய எனக்கு இங்கே வர வேண்டிய அவசியமே இல்லை.

ஒரே வரியைத் திரும்பச் சொல்வது என்றதும் நூலகத்தில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. ஜான் மெயின் என்று ஒரு பெனடிக்ட் துறவி, துறவியாகும் முன் 1950-களில் மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கத்தில் வேலை பார்த்தவர். கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தா என்பவரைச் சந்திக்கிறார். அந்தச் சுவாமி மலாயாவில் பிறந்த தமிழர், தூய வாழ்க்கைச் சங்கத்தை 1949-ல் தொடங்கி அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர். கிறிஸ்தவனாகவே இருந்து கிறிஸ்தவ மந்திரம் ஒன்றை எடுத்துக்கொள், காலையில் அரை மணி, மாலையில் அரை மணி உட்கார் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இன்று பல நாடுகளில் கிறிஸ்தவர்கள் கூடித் தியானம் செய்யும் அந்த இயக்கத்துக்கு விதை ஒரு தமிழ்ச் சாமியார் போட்டது, நமக்குத்தான் தெரியாது. பீட் கிரிஃபித்ஸுக்கும் ஜான் மெயினின் முறைமேல் பெரிய மதிப்பு, 1991-ல் அவர் பெயரில் அமெரிக்காவில் நடந்த தியானக் கருத்தரங்கை இவர்தான் நடத்தினார்.

திங்கள்

இன்று கார்த்திகைச் சோமவாரம். இது நினைவில்லாமல்தான் நான் தேதி போட்டேன், ஆனால் இந்த ஊருக்கு வர இதைவிட நல்ல நாள் கிடையாது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தாளிகள் எல்லாரும் சேர்ந்து காய் நறுக்குவது இங்கே வழக்கம். பக்கத்து ஊரிலிருந்து சமையலுக்கு வரும் அக்கா இன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர்" என்றார், நான் முழித்ததைப் பார்த்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். குளித்தலைக் கடம்பர் கோயிலுக்குக் காலையில், அய்யர்மலைக்கு உச்சிப்பொழுதில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் திருஈங்கோய்மலைக்குச் சாயங்காலம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும், கார்த்திகைத் திங்களில் பார்த்தால் இன்னும் விசேஷம். "வரியா தங்கச்சி? கடம்பரை மட்டும் பாத்துட்டுத் திரும்பிரு, உங்க பன்னெண்டு மணிப் பூசைக்கு வந்துரலாம்."

ஃபாதரிடம் கேட்டேன். "போயிட்டு வாம்மா, மத்தியானச் செபத்துக்கு வந்துரு" என்றார், வேறெதுவும் சொல்லவில்லை.

கடம்பவனேசுவரர் கோயில் காவிரிக்குப் பக்கத்தில், வடக்குப் பார்த்த சிவன் கோயில். சிவன் கோயில் வடக்குப் பார்த்து இருப்பது அபூர்வம், காசி மாதிரி என்று ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை. கருவறையில் லிங்கத்துக்குப் பின்னால் சப்த கன்னியர் இருக்கிறார்கள் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். எட்டு மணிக்கே கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டது. ஆற்றில் முங்கிவிட்டு ஈரத்தோடு வருகிறவர்கள், கைப்பிள்ளையோடு வருகிறவர்கள், பரபரவென்று ஒரு பெரியவர், "பத்து மணிக்கு மேல மலை ஏறுனா வெயிலு, சீக்கிரம் வாங்கடா" என்று பேரன்களை விரட்டிக்கொண்டு போகிறார். அய்யர்மலைக்கு 1,017 படி. அதை மத்தியானத்தில் ஏறுவது என்பது எந்த வசதியையும் கணக்கில் எடுக்காத ஒரு ஏற்பாடு. காலையில் குளிர்ச்சியாக ஏறிவிட்டு மத்தியானம் ஆற்றங்கரைக் கோயிலுக்கு வரலாம் அல்லவா என்று எனக்குத் தோன்றியது, அக்காவிடம் கேட்டும் விட்டேன்.

"அதெப்படி? அவருக்கு நேரம் அதுதான்."

இதை நான் அசைபோட்டபடியே திரும்பி வந்தேன். எனக்கு நேரம் எப்போது என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன், அக்கா அவருக்கு நேரம் எது என்று கேட்டுவிட்டு அதற்குத் தன் நாளை மடக்கி வைத்துக்கொள்கிறார். அவருக்கும் வீடு இருக்கிறது, மாடு இருக்கிறது, லீவு போட்டால் சம்பளம் போகும். அப்பர் கடம்பந்துறையையும் அய்யர்மலையாகிய வாட்போக்கியையும் பாடியிருக்கிறார், சம்பந்தர் ஈங்கோய்மலையைப் பாடியிருக்கிறார், ஆகவே மூன்றும் ஏழாம் நூற்றாண்டிலேயே பேர் பெற்ற கோயில்கள். எத்தனை தலைமுறைப் பெண்கள் இப்படிக் கூலியை விட்டுவிட்டு உச்சி வெயிலில் படி ஏறியிருப்பார்கள்.

சாயங்காலம் இந்தக் கூட்டம் முழுக்க முசிறிப் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போகும். அந்தப் பாலத்துக்குத் தந்தை பெரியார் பெயர். சும்மா சொல்கிறேன்.

மத்தியானச் செபத்துக்குப் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டேன். வெயிலில் இருந்து மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்ததும் இடுப்பு வலி, வேர்வை. மத்தியானச் செபம் சின்னதுதான், வேறு சமய நூல் ஒன்றிலிருந்து ஒரு வாசகம், திருப்பாடல், குங்குமம். அப்பாயி சொன்ன மூவேளை செபம் தானாக வாய்க்கு வந்தது, பழைய பாடம்தான் வந்தது, அதையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டேன். தானியேலும் பாபிலோனில் எருசலேம் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு நாளைக்கு மூன்று வேளை முழங்காலில் நின்றார், சட்டம் போட்டுத் தடுத்தும் நேரத்தை மாற்றவில்லை, அதனால்தானே மாட்டிக்கொண்டார். நேரம் தவறாத ஆளைப் பிடிப்பது எதிரிகளுக்கு எளிது.

செவ்வாய்

மழை. ஆற்றங்கரைக்குப் போக முடியவில்லை, தியான மண்டபத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இன்றைக்கும் நீளம்தான். இன்னும் கடவுளின் பக்கத்தில் நான் வந்துவிட்டதாக எழுத முடியாது. ஆனால் வாட்சை அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன், மணி அடிப்பவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. அந்த வரியைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், நடுவே விட்டுப் போகும், போனது தெரிந்ததும் மறுபடி. மழைச் சத்தத்தில் கொஞ்ச நேரம் சொல்கிறேன் என்பதே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு நிமிஷம் இருக்கும். அதுவும் செபம்தானா என்று தெரியாது, ஆனால் நல்ல இரண்டு நிமிஷம்.

காய் நறுக்கும்போது ஒரு சம்பவம். எங்களோடு உட்கார்ந்திருந்த இளைய பிரதர் ஒருவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். செபத்துக்கு மணி அடித்தது. பாதி வெங்காயம் கையில், இன்னும் ஒரே வெட்டு பாக்கி. அதை அப்படியே பலகையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எனக்குக் கை பரபரத்தது, அந்தப் பாதியை நானாவது அரிந்துவிட்டு எழுந்தால் என்ன? பிறகு கேட்டபோது, பெனடிக்டின் ஒழுங்கு நூலில் 43-ஆம் அதிகாரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். மணிச் சத்தம் காதில் விழுந்ததும் கையில் இருப்பது எதுவானாலும் விட்டுவிட்டு விரைந்து வர வேண்டும், இறைவனின் பணிக்கு முன்னால் எதையும் வைக்கக் கூடாது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதிவைத்த சட்டம், தண்ணீர்பள்ளியில் வெங்காயத்துக்குச் செல்லுபடியாகிறது.

அதே நூல், செபம் சுருக்கமாக இருக்கட்டும் என்றும் சொல்கிறதாம். இது நம் பக்கத்துச் செபக் கூட்டக்காரர்கள் பலருக்குத் தெரிந்தால் நல்லது.

நம் பிரச்சினை அந்தக் கடைசி வெட்டுதான் என்று எனக்குப் படுகிறது. இந்த மெயிலை மட்டும் அனுப்பிவிட்டு, இந்தப் பாத்திரத்தை மட்டும் கழுவிவிட்டு, இந்த எபிசோட் முடிந்ததும். முடித்துவிட்டுச் செபம் செய்யலாம் என்றால் முடிவதே இல்லை, முடியும்போது கண் சொருகிவிடுகிறது. மாற்கு நற்செய்தியில் இயேசு விடியும் முன்னே எழுந்து தனிமையான இடத்துக்குப் போய்ச் செபிக்கிறார், முந்தின நாள் சாயங்காலம் முழுக்க நோயாளிகள் கூட்டம் வாசலில் நின்றது. சீமோன் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். எங்கள் ஆபீஸ் குரூப்பில் வருவதும் அதே வாசகம்தான். அவர் எல்லா நோயாளிகளையும் முடித்துவிட்டுப் போகவில்லை என்பதை இவ்வளவு நாள் நான் கவனித்ததில்லை.

சாயங்காலம் மழை விட்டதும் கல்லறைப் பக்கம் போனேன். அபிஷிக்தானந்தர் 1973-ல் இந்தூரில் இறந்தார், அங்கே அடக்கம் செய்தவரைப் பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். பீட் கிரிஃபித்ஸும் இங்கேதான். மொன்ஷானன் மட்டும் இல்லை, வைத்தியத்துக்குப் பிரான்சுக்குப் போய் 1957-ல் பாரிசில் இறந்துவிட்டார், அவர் ஆரம்பித்த இடத்தில் அவருக்கு இடமில்லாமல் போனது எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. அவர் உயிரோடு இருந்தவரை இங்கே வந்து நிலைத்துத் தங்கிய சீடர்கள் என்று அநேகமாக யாருமில்லை. மனித கணக்கில் பார்த்தால் தோல்விதான். இருந்தும் வேளா வேளைக்கு இருவரும் செபித்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களை இரண்டு பக்கமும் திட்டினார்கள், இன்றும் திட்டுகிறார்கள். காவியும் காயத்ரியும் மதம் மாற்ற வைத்த மாறுவேஷம் என்று இந்துக்களில் சிலர், கிறிஸ்துவை நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள் என்று கிறிஸ்தவர்களில் சிலர். 1980-களில் பத்திரிகையிலும் கடிதங்களிலும் இது பெரிய சண்டையாகவே நடந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக் கேள்வியும் ஒரேயடியாகத் தள்ளக்கூடியது இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஒருவர் வீட்டு மந்திரத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும்போது கேட்கத்தான் செய்வார்கள். காயத்ரி சொல்லும் நேரத்தில் நானும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், அது எனக்குப் பழக்கமில்லை, பழக்கிக்கொள்ளவும் தோன்றவில்லை. திருவாசகம் வேறு, அது காதில் விழுந்ததும் என் மொழி. கண் இமைக்கும் நேரம்கூட நெஞ்சை விட்டு நீங்காதவன் என்று மாணிக்கவாசகர் பாடியிருக்கிறார், நீங்குவது எப்போதும் நம் பக்கத்திலிருந்துதான் போல.

புதன்

காலைப் பூசை முடிந்து, சந்தனத்தோடேயே இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணி டீக்கு முன்னால் கிளம்பிவிட்டேன். சமையல்கார அக்கா வந்திருந்தார், திங்கட்கிழமை மூன்று கோயிலையும் பார்த்துவிட்டாராம், மலை இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டதாம், முழங்காலில் தைலம் தேய்த்திருந்தார். "அடுத்த கார்த்திகைக்கு நீயும் வா, ஏறலாம்" என்றார். எனக்கு 1,017 படி ஏறும் தெம்பு இருந்தால் அப்போது பார்க்கலாம்.

பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன், தொழில் அதுதானே. காலையில் ஒரு மணி நேரம் வீட்டில் நடக்காது, அதைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டாம். ஐந்தேகால் முதல் ஐந்தரை வரை நடக்கும், பால்காரர் வருவதற்கு முன்னால். மத்தியானம் பன்னிரண்டுக்கு ஆபீஸில் மூவேளை செபம், இரண்டு நிமிஷம்கூட ஆகாது, சீட்டில் உட்கார்ந்தபடியே, யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ராத்திரிச் செபமாலை முழுக்க வேண்டாம், ஒரு பத்துமணிக் கொத்து, ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால், படுக்கையில் இல்லை, மகளும் சேர்ந்தால் சேரட்டும், விரட்டப் போவதில்லை. இதற்கு மேல் கூட்டினால் ஒரு வாரம் தாங்காது.

பெட்டவாய்த்தலை தாண்டும்போது வீட்டுக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கும் ஐந்தேகாலுக்கும் போனில் மணி வைத்தாயிற்று என்றும் சொன்னேன்.

"அஞ்சேகாலுக்கா? எனக்கு நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றதே நாலரை."

"அப்ப வைப்ரேஷன்ல வைக்கிறேன்."

"தலையணைக்கு அடியில வெச்சுக்க. மேசை மேல வெச்சா வீடே அதிரும்."

சரி என்றேன். பன்னிரண்டு மணி ஆகும்போது ஜீயபுரத்துக்கு முன்னால் பஸ் ஏதோ ஒரு ரிப்பேருக்காக நின்றிருந்தது, எல்லாரும் கீழே இறங்கி கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. ஆபீஸ் மேனேஜரின் அழைப்பும் சரியாக அப்போதே வந்தது. அதை எடுக்கவில்லை, மூவேளை செபத்தில் வரும் மூன்று அருள்நிறை மந்திரத்தையும் சொல்லி முடித்துவிட்டுத் திருப்பி அழைத்தேன். அந்த ஜிஎஸ்டி பில் விஷயமாகத்தான் கேட்டார், விடை என்னிடம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இருந்தது.